கிளித்தட்டு: ஆடுகளமும் ஆட்ட ஒழுங்கும் – எலப்புள்ளி எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழர் விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இருவகையில் அமைந்துள்ளன. இலக்கியங்களில் பயிலும் விளையாட்டுப் பெயர்களைத் தொகுத்து விளக்குவது ஒருவகை. நாட்டுப்புறத்தில் வழங்கும் ஆட்டமுறைகளைப் பதிவு செய்வது மற்றொரு வகை. ஆட்டம் தொடங்குமுன் குழந்தைகள் தம்மை இரு கட்சிகளாக எவ்வாறு பிரித்துக்கொள்கின்றனர், களத்தை எவ்வாறு அளந்து கீறுகின்றனர், வழக்கு எழுந்தால் அதனை எவ்வாறு தீர்க்கின்றனர் என்னும் ஆட்ட ஒழுங்கு இவ்விரு வகை ஆய்வுகளிலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரு குழு விளையாட்டின் உயிர் அவ்வொழுங்கிலேயே தங்கியுள்ளது.

கிளித்தட்டு என்னும் கோடு காக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் பெயர்கள், களம், கட்சி பிரிக்கும் முறை ஆகியவற்றையும், இருபதாம் நூற்றாண்டில் நாட்டு விளையாட்டுகள் நிறுவன விதிகளுக்குள் வந்த வரலாற்றையும் ஆராய்ந்து, சிறு குழந்தைகளுக்கு இவ்வாட்டத்தை ஏற்பாடு செய்வோர் எதனைக் காத்தல் வேண்டும் என்பதைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எலப்புள்ளிப் பகுதி இவ்வாய்வின் நிலைக்களனாகக் கொள்ளப்படுகிறது.

2. நிலமும் எல்லையும்

எலப்புள்ளி, பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் நெறியில் அமைந்த சிற்றூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய கணவாயாகிய பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில், நெல்வயல்களும் பனைமரங்களும் சூழ்ந்த நிலப்பரப்பு இது. கொங்கு நாட்டையும் மேலைக் கடற்கரையையும் இணைக்கும் வழிகள் இக்கணவாயினூடே சென்றமையால், இப்பகுதியில் இரு மொழியாளரும் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கின்றனர்.

ஆட்சி எல்லைகள் இங்குப் பலமுறை மாறியுள்ளன. பாலக்காட்டு வட்டம் 1956 வரை சென்னை மாகாணத்து (பின்னர்ச் சென்னை மாநிலத்து) மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சித்தூர் வட்டம் கொச்சி அரசின் கீழ் இருந்து, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியது. 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமைந்தது. 1957 சனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் உருவாயிற்று. தெற்கே, தமிழர் பெருந்தொகையினராய் வாழும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்றது.

மக்கள் வழங்கும் சொற்கள் இவ்வெல்லைகளைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் உலவுகின்றன. குழந்தைகளின் ஆட்டச் சொற்கள் இவற்றுள் சிறப்பிடம் பெறுவன. அவை பாடநூலாலும் அலுவலகத்தாலும் பரவுவதில்லை. ஒரு குழந்தையின் வாயிலிருந்து மற்றொரு குழந்தையின் செவிக்கு நேரே செல்கின்றன. ஆகவே இரு மொழி சந்திக்கும் நிலத்தில் மொழித்தொடர்பை அறிதற்கு அவை நற்சான்றாகின்றன.

3. பெயர்களும் பொருளும்

3.1 ஓர் ஆட்டம், பல பெயர்

நீள்சதுரக் களத்தின் குறுக்குக் கோடுகளை ஒரு கட்சியார் காக்க, மற்றொரு கட்சியார் அவர்தம் கைபடாமல் கடந்து சென்று மீளும் ஆட்டம் தமிழ் வழங்கும் நிலப்பரப்பெங்கும் உள்ளது. கிளித்தட்டு, பாரிக்கோடு, உப்புக்கோடு எனத் தமிழகத்தில் இதற்குப் பெயர்கள் வழங்குகின்றன. ஈழத்தில் கிளித்தட்டு என்பதோடு தாச்சி, யாடு என்னும் பெயர்களும் உண்டு. கேரளத்திலும் கிளித்தட்டு என்னும் பெயரே பரவலாக வழங்குகிறது. உப்பின் பெயரால் சுட்டும் வழக்கும் அங்கு உண்டு. ஞா. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூல், பாரிக்கோடு உள்ளிட்ட ஆட்டங்களைச் சிறுவர், சிறுமியர், இருபாலார் எனப் பகுத்தும், பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன எனப் பிரித்தும் விளக்குகிறது. ஆடும் பொழுதையும் ஆடுவோரையும் அடிப்படையாகக் கொண்ட இப்பகுப்பு, ஆட்ட ஒழுங்கை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

3.2 கிளியும் தட்டும்

இப்பெயரின் முதற்சொல் எல்லைப்பகுதியில் தனிக் கவனத்திற்கு உரியது. தமிழில் கிளி என்பது ஒரு குறிப்பிட்ட பறவையையே உணர்த்தும். மலையாளத்திலோ கிளி என்பது பறவை என்னும் பொதுப்பொருளிலும் வழங்குகிறது. ஆட்டத்தில் கிளி எனப்படுபவர், ஏனைய காவலர் போல ஒரு கோட்டிலேயே நில்லாமல், நடுக்கோட்டின் வழியே களம் முழுதும் பாய்ந்து செல்லும் உரிமை உடையவர். 'பறவை' என்னும் பொதுப்பொருள் இவ்வுரிமைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. தட்டு என்னும் சொல்லைக் கையால் தட்டுதல் என்றும், களத்தின் அடுக்கடுக்கான கட்டங்கள் என்றும் இருவகையாகக் கொள்ள இடமுண்டு. இரு மொழியிலும் இப்பெயர் பொருள்படுதலின், எது எதனிடமிருந்து பெற்றது என வரையறுத்தல் அரிது. எலப்புள்ளி போன்ற ஊரில் ஒரு மொழிக் குழந்தைக்குப் பச்சைக்கிளியாகவும், மற்றொரு மொழிக் குழந்தைக்குப் பொதுவாகப் பறவையாகவும் தோன்றும் ஒரு சொல்லே இருவரையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது எனலாம்.

3.3 உப்பு என்னும் சொல்

இவ்வாட்டம் தென்னாட்டிற்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தில் ஆட்யா-பாட்யா, வங்காளத்தில் டாரியாபாந்தா, மலேசியாவில் காலா பாஞ்சாங், சாவகத்தில் கோபக் சோடோர், பிலிப்பைன்சில் பாத்தின்தேரோ என்பன இதனோடு ஒத்தன. இவற்றுள் பலவற்றில் உப்பைக் குறிக்கும் சொல் வருவது வியப்பிற்குரியது. மராட்டிய ஆட்டத்தில் கடந்து மீள்வதைக் குறிக்கும் லோண் என்னும் சொல் உப்பையும் குறிப்பது. வங்காளத்தில் களத்தின் ஒரு கட்டத்திற்கு உப்பு வீடு என்று பொருள்படும் பெயர் உண்டு. இந்தோனேசியாவின் சில பகுதிகளில் வழங்கும் காலா அசின் என்னும் பெயரில் அசின் என்பது உப்புச்சுவையைக் குறிக்கும். தமிழில் உப்புக்கோடு என்பது இவ்வரிசையில் சேர்வது.

உப்பைக் களவாகக் கடத்தியதன் நினைவே இவ்வாட்டம் என்று கூறுவார் உளர். சங்க இலக்கியங்களில் உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு செல்லும் காட்சிகள் பல உள. உப்பு நெடுந்தொலைவு சென்று விற்கப்பட்ட அரும்பொருள் என்பதற்கு அவை சான்றாகும். ஆட்டத்தின் தோற்றத்திற்கு அவற்றைச் சான்றாக்குதல் பொருந்தாது. ஆங்கிலேயர் காலத்து உப்புவரியோடு இதனை இணைப்பதும், கடல் கடந்த நாடுகளிலும் இச்சொல் வழங்குதலை நோக்க, வலுவிழக்கிறது. களத்தின் மறுகோடியில் உள்ள விலைமிக்க பொருளை எடுத்து மீளுதல் என்னும் கற்பனை இவ்வாட்டங்களுக்குப் பொது என்ற அளவில் நிற்பதே முறையாகும்.

4. இலக்கியச் சான்றும் அதன் அளவும்

தொல்காப்பிய உரியியல் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களை விளையாட்டுப் பொருளவாகக் குறிக்கிறது. மெய்ப்பாட்டியல் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் கூறுகிறது. பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுதேர், சிறுபறை, அம்மானை, ஊசல் ஆகிய ஆடல்களைப் பருவங்களாகவே அமைத்துக்கொண்டது. எனினும் இவற்றுள் எதனையும் கிளித்தட்டு என்று அடையாளங் காட்ட இயலாது. பழமையை நாட்டும் விருப்பினால் இலக்கியச் சொற்களை இன்றைய ஆட்டங்களோடு வலிந்து பொருத்துதல் தவிர்க்கப்பட வேண்டும்.

ஆயினும் ஆட்ட ஒழுங்கு பற்றிய சிறந்த குறிப்பொன்று நற்றிணையின் 3ஆம் பாடலில் உள்ளது. இளங்கீரனார் பாடிய அப்பாலைப் பாட்டில், வேப்பமரத்தின் புள்ளிநிழலில் சிறுவர் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அவர்கள் கீறிய களம் பொன் உரைக்கும் கட்டளைக்கல்லுக்கு உவமிக்கப்படுகிறது. இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கன மூன்று. களத்தைக் கீறியவர் சிறுவரே. ஆட்டக்கருவி மரத்திலிருந்து கிடைத்த காயே. அச்சிறுவர் எவரிடமும் கற்றுப் பயிலாதவர் என்று புலவர் சுட்டுகிறார். ஆசானும் நடுவரும் இன்றித் தாமே அரங்கு அமைத்து விதியின்படி ஆடும் குழந்தைகளை ஈராயிரம் ஆண்டுகட்கு அணித்தான ஒரு பாடல் காட்டுகிறது என்பதே இச்சான்றின் பயன்.

5. ஆடுகளமும் ஆடும் முறையும்

5.1 களம்

ஒரு நீள்சதுரம் வரைந்து, அதன் நீளவாக்கில் நடுக்கோடும், அகலவாக்கில் பல குறுக்குக் கோடுகளும் இடுவர். காக்கும் கட்சியில் கிளி நீங்கலாக எத்தனை பேரோ, அவர்கள் நிற்கும் அளவிற்குக் கோடுகள் அமையும். குதிகாலால் கீறியோ, சாம்பல் தூவியோ, நீர் ஊற்றியோ கோடிடுவர். பிலிப்பைன்சில் இவ்வாட்டத்திற்குத் துபிகான் என்னும் மறுபெயர் வழங்குவதும் நீரைக் குறிக்கும் சொல்லடியாக வந்ததே. அறுவடை முடிந்து உலர்ந்த வயலும், கோயில் முற்றமும், தெருவும் களமாகப் போதுமானவை.

களத்தின் அளவிற்கு நிலையான எண் இல்லை. அடியாலும் கவட்டாலும் அளப்பர். அளக்கும் அடி ஆடும் குழந்தையின் அடியே ஆதலின், சிறு குழந்தைகள் ஆடும்போது களம் தானே சிறுத்துவிடுகிறது. காவலர் ஒருவர் கையை நீட்டினால் கோட்டின் ஒரு பகுதி காக்கப்பட்டும், மற்றொரு பகுதி திறந்தும் இருக்குமாறு அகலம் அமைதல் வேண்டும். முன் கோட்டுக் காவலரும் பின் கோட்டுக் காவலரும் கை நீட்டினாலும் இடையில் ஒருவர் நிற்க இடம் இருக்குமாறு கட்டத்தின் நீளம் அமைதல் வேண்டும். இவ்விரண்டும் பிழைத்தால் ஆட்டம் நடவாது. களம் பெரிதானால் காவலர் தோற்பர். சிறிதானால் ஏறுவோர் முதற்கோட்டிலேயே பிடிபடுவர்.

5.2 ஆட்டம்

கிளி முதற்கோட்டில் நின்று கைதட்டி ஆட்டத்தைத் தொடங்குவார். ஏறும் கட்சியார் முதற்கட்டத்தில் புகுந்து, காவலரைப் போக்குக்காட்டி ஒவ்வொரு கோடாகக் கடப்பர். காவலர் தம் கோட்டை விட்டு இறங்குதல் கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் பக்கக் கோடுகளிலும் ஓடித் தொடலாம். ஒருவர் தொடப்பட்டால் ஏறும் கட்சி முழுவதும் ஆட்டத்தை இழந்து காக்கும் கட்சியாக மாறும். எல்லாக் கோடுகளையும் கடந்தவர் மீண்டும் தொடங்கிய இடத்திற்கு வருதல் வேண்டும். கடந்து திரும்புபவரைப் பழம் என்றும், இன்னும் ஏறிக்கொண்டிருப்பவரைக் காய் என்றும் கூறும் வழக்கு உண்டு. பழமும் காயும் ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்றல் ஆகாது என்பது சில இடங்களில் விதி. வங்காளத்து ஆட்டத்திலும் ஒரு கட்டத்திற்குப் பழுத்த வீடு என்னும் பொருள்படும் பெயர் வழங்குவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

தமிழ்க் குழந்தைகளிடையே பிணங்குவதைக் காய் விடுதல் என்றும், இணங்குவதைப் பழம் விடுதல் என்றும் கூறுவது யாவரும் அறிந்ததே. காய் என்பது நிறைவுறாமை, பழம் என்பது நிறைவு என்னும் ஒரே கருத்து ஆட்டத்திலும் நட்பிலும் வழங்குகிறது. குழந்தைகளின் சொற்கள் தமக்குள் ஓர் ஒழுங்கு உடையன என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

6. கட்சி பிரித்தலும் வழக்குத் தீர்த்தலும்

6.1 உத்தி

கட்சி பிரிக்கும் முறை உத்தி பிரித்தல், உத்தி கட்டுதல் எனப்படும். முதலில் ஏறத்தாழ ஒத்த திறமுடைய இருவர் தலைவராவர். தலைவரைத் தாய்ச்சி என்பதும் உண்டு. தாய் என்னும் சொல்லடியாகப் பிறந்த அச்சொல்லே தாச்சி எனத் திரிந்தது எனக் கொள்வர். ஏனையோர் தமக்கு ஒத்தவரைத் துணையாகக் கொண்டு இருவர் இருவராக அப்பால் செல்வர். ஒவ்வொருவரும் தமக்கு ஒரு மறைபெயர் இட்டுக்கொள்வர். ஒருவர் சூரியன் என்றால் மற்றவர் சந்திரன் என்பார். பின்னர்த் தோள்மேல் கைபோட்டு வந்து, எது வேண்டும் எனத் தலைவரைக் கேட்பர். தலைவர் ஒரு பெயரைச் சொல்ல, அப்பெயருக்கு உரியவர் அவர் கட்சியில் சேர்வார். அடுத்த இணைக்கு மற்றைத் தலைவர் முதலில் கேட்பார்.

இம்முறையின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இணை சேர்வோர் தமக்கு நிகரானவரைத் தாமே தெரிகின்றனர். ஆகவே எவர் எக்கட்சிக்குச் சென்றாலும் கட்சிகள் ஏறத்தாழச் சமமாகும். தெரிவு செய்பவர் பெயரின் பின்னே உள்ள ஆளை அறியார். ஆகவே வேண்டியவரைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாதவரைத் தள்ளவும் இயலாது. பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றொருவர் என்னும் நடுவுநிலைக் கோட்பாடு இங்குச் சிறுவர் நடைமுறையாக உள்ளது. தலைவர் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவராகத் திறமையாளரை அழைத்துக்கொள்ளும் முறையில், இறுதிவரை அழைக்கப்படாமல் நிற்கும் குழந்தை எல்லார் முன்னும் சிறுமைப்படுகிறது. உத்தி முறையில் எக்குழந்தைக்கும் அந்நிலை நேர்வதில்லை.

இலக்கண நூல்களில் உத்தி என்பது நூல் யாக்கும் நெறியைக் குறிக்கும். இக்காலத் தமிழிலும் திறமுறை என்னும் பொருளிலேயே அது பெருவழக்காக உள்ளது. கட்சி பிரித்தல் என்னும் பொருள் குழந்தைகளின் வழக்கிலேயே வாழ்ந்து வந்தது. அவ்வழக்கு மறைந்தால் சொல்லின் இப்பொருளும் அகராதியில் மட்டுமே எஞ்சும்.

6.2 சிறியோரைச் சேர்த்தல்

ஆட்கள் ஒற்றைப்படையாக அமைந்தாலும், மிகச் சிறு குழந்தை ஒன்று ஆட்டத்திற்கு வந்து நின்றாலும், அதனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வர். அக்குழந்தை ஓடலாம், கூவலாம். தொடப்பட்டாலும் கட்சிக்குத் தோல்வி இல்லை. பேச்சுவழக்கில் இத்தொடர் இகழ்ச்சிப் பொருளில் வழங்கினும், ஆட்டத்தில் இதன் பயன் வேறு. விதி அறியாக் குழந்தை விதியோடு பழகும் பருவம் அது. எழுத்தில் இல்லாத ஆட்டவிதிகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்ற வழியும் அதுவே.

6.3 வழக்கு

தொட்டார், தொடவில்லை என்னும் வழக்கு இவ்வாட்டத்தில் இயல்பாகவே எழும். நடுவர் இல்லாமையால் இரு கட்சியும் பேசித் தீர்ப்பர். தீராவிடின் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவர். பொய் கூறி வெல்ல முயல்வதை அழுகுணி ஆட்டம் என்பர். அவ்வாறு பெயர் பெற்றவரோடு அடுத்த நாள் இணை சேர எவரும் விரும்பார். தண்டனை இதுவே, ஆட்டம் நாளையும் நடைபெற வேண்டும் என்னும் எண்ணமே விதியைக் காக்கிறது.

7. நிறுவன விதிகளுக்குள் நாட்டு விளையாட்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டு விளையாட்டுகளை எழுதிய விதிகளுக்குள் கொணரும் முயற்சி மேலை இந்தியாவில் முனைப்புற்றது. புனே நகரின் டெக்கான் ஜிம்கானா 1914இல் கோ-கோ ஆட்டத்திற்கு விதிகளை வகுத்தது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்னும் பணியைத் தென்னாட்டுப் பள்ளிகளில் நிலைபெறச் செய்தது.

சடுகுடு ஆட்டத்தின் வரலாறு இம்மாற்றத்திற்குத் தெளிவான சான்றாகும். அமராவதியின் அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலியினர் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அதனை ஆடிக் காட்டினர். அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு 1950இல் தோன்றியது. 1990இல் பெய்சிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. ஊர்தோறும் வேறுபட்ட பெயரும் பாட்டும் ஆள் எண்ணிக்கையும் கொண்டிருந்த ஆட்டம், கட்சிக்கு ஏழுபேர், அளவிட்ட களம், ஒரே ஒலி என்னும் வரையறை பெற்றது. நாடுகள் தம்முள் போட்டியிட இவ்வரையறை இன்றியமையாதது. உழவர், தொழிலாளர் குடும்பத்து இளைஞர் பலர்க்கு அதனால் வேலைவாய்ப்பும் பெருமையும் கிடைத்தன என்பதும் மறுக்கவொண்ணாதது.

கிளித்தட்டை ஒத்த ஆட்யா-பாட்யா மராட்டியத்தில் இவ்வழியே சென்று, ஒன்பது குறுக்குத் தடங்களும் ஒரு நடுத்தடமும் கொண்ட ஆட்டமாக வரையறுக்கப்பட்டது. அதற்குத் தனிக் கூட்டமைப்பும் தேசியப் போட்டிகளும் உள்ளன. தமிழ் நிலத்தில் கிளித்தட்டு அத்துணை வரையறை பெறவில்லை. ஈழத்தில் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும், புலம்பெயர்ந்தோர் ஒன்றுகூடல்களிலும் அது பெரியோர் ஆட்டமாகவும் தொடர்கிறது. தமிழகத்திலும் எல்லைப்பகுதிகளிலும் தெருக்கள் வண்டிகளுக்கு உரியனவாகிவிட்டன, வயல்கள் மனைகளாயின, மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சியும் திரையும் பற்றிக்கொண்டன. ஆதலின் குழந்தைகள் தாமே கூடி ஆடும் வாய்ப்பு அருகி வருகிறது.

8. பள்ளிக் களத்தில் கிளித்தட்டு

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நாட்டு விளையாட்டுகள் உள்ளிட்ட விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்துகிறது. தெருவில் இடமிழந்த ஆட்டத்திற்குப் பள்ளி இடமளிப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் ஏற்பாடு செய்யும் முறையில் ஓர் இடர் உண்டு. சுண்ணாம்புக் கோட்டைப் பணியாளர் இட்டு, கட்சிகளை ஆசிரியர் பிரித்து, வழக்கை ஊதுகுழல் தீர்க்குமாயின், குழந்தைகளுக்கு எஞ்சுவது ஓட்டம் ஒன்றே. முன்னர் விளக்கிய அளத்தல், இணை சேர்தல், மறைபெயர் இடல், சிறியோரைச் சேர்த்தல், பேசித் தீர்த்தல் ஆகிய யாவும் ஆசிரியர் கைக்கு மாறிவிடும்.

வரலாற்று நோக்கில் இதற்குச் சில நெறிகளைக் கூறலாம். களத்தைக் குழந்தைகளே தம் அடியால் அளந்து கீறுதல் வேண்டும். முதலாட்டம் பிழைத்தால் கோட்டை மாற்றிக் கீறும் பொறுப்பும் அவர்களதே. ஆறு, ஏழு அகவைக் குழந்தைகட்கு மூன்று அல்லது நான்கு கோடுகளே போதும். குழந்தைகள் கூடக் கோடுகள் கூடட்டும். எவரையும் வெளியே நிறுத்தாமல் எண்ணிக்கைக்கு ஏற்ப விரியும் இயல்பு இக்களத்தின் தனிச்சிறப்பாகும். கிளியாக நிற்கும் உரிமை ஆட்டந்தோறும் மாறுதல் நன்று. கட்சி பிரித்தல் உத்தி முறையிலேயே நடைபெற வேண்டும். நிலம் கல்லும் முள்ளும் இன்றி இருத்தலையும், தொடுதல் தள்ளுதலாக மாறாமையையும் ஆசிரியர் கண்காணித்தல் போதும். வழக்கில் அவர் காத்திருந்து, குழந்தைகள் வேண்டினால் மட்டும் தலையிடுதல் பொருந்தும்.

எல்லைப்பகுதிப் பள்ளிகளில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. தமிழ் வழியிலும் மலையாள வழியிலும் பயிலும் குழந்தைகள் வகுப்பறையில் பிரிந்தே அமர்கின்றனர். கிளி, தட்டு, உப்பு என்னும் சொற்களோ இருவர்க்கும் பொது. இரு வகுப்பாரும் ஒரே களத்தில் உத்தி பிரித்து ஆடினால், மறைபெயர் இடும்போதே ஒருவர் சொல்லை மற்றவர் கற்பர். ஒரு சிறுபான்மை மொழி, பாடநூலுக்கு வெளியே குழந்தைகளின் வாயில் வாழ்வதற்கு இத்தகைய களங்கள் தேவை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கிளித்தட்டு தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரந்து வழங்கும் ஓர் ஆட்டக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெயர்களைக் கொண்டு ஒரு மொழியினர்க்கே அதனை உரிமையாக்குதல் இயலாது. அதன் களம் ஆடுவோரின் உடலளவிற்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப விரிந்து சுருங்குவது. சிறு குழந்தைகட்கு அது ஏற்புடையதாவதற்கு இதுவே காரணம். உத்தி, தாய்ச்சி, பழம், காய், ஒப்புக்குச் சப்பாணி ஆகிய சொற்கள் குழந்தைகள் தாமே வளர்த்த ஓர் ஆட்சிமுறையின் கலைச்சொற்களாகும். நிறுவன விதிகள் போட்டிக்குத் துணைசெய்வன. குழந்தைகளின் ஆட்டத்திற்கு அவற்றை அவ்வாறே பொருத்துதல் இவ்வாட்சிமுறையை அழிக்கும்.

ஆட்டமுறையை நூலில் எழுதிவைத்தல் எளிது. உத்தி பிரிக்கத் தெரிந்த குழந்தைகள் ஓர் ஊரில் இல்லாது போனபின், அந்நூலைக் கொண்டு அவ்வாட்டத்தை மீட்டல் அரிது. எலப்புள்ளி முதலிய எல்லையூர்களில் இருமொழிச் சொற்களையும் ஆடுவோர் வாய்வழிக் கேட்டுப் பதிவு செய்வதும், பள்ளிக் களத்தில் அவ்வாட்டத்தைக் குழந்தைகள் கையிலேயே ஒப்படைப்பதும் உடனடியாகச் செய்யத்தக்க பணிகளாகும்.